பசியில்லாத பதினைந்து நிமிடம்

மேடவாக்கத்தில் சுப்பராயலுவின் நாலு ஏக்கர் கழனி டிங்கிலோ கம்பெனியின் ஷெட்டாக மாறியது 1995-இல். அதுவரை அந்த மண்ணில் நெல் விளைந்துகொண்டிருந்தது. நெல்லுக்கு மழை வேண்டும், நடவுக்கு ஆள் வேண்டும், மாசக்கணக்கில் பொறுமை வேண்டும். டிங்கிலோவுக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. மிஷினின் ஒரு பக்கம் சோளமாவும் பாமாயிலும் பெயர் வாயில் நுழையாத ஏழெட்டுத் தூள்களும் உள்ளே போனால், மறுபக்கம் சுண்டுவிரல் நீளத்தில் ஆரஞ்சு நிறச் சுருள்கள் வந்து கொட்டும். கடித்தால் மொறுக்கென்று ஒரு சத்தம். பிறகு நாக்கில் ஒன்றும் இருக்காது. இருந்ததா இல்லையா என்று பார்க்க இன்னொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் அந்தத் தீனியின் தொழில்நுட்பம். நாடே முன்னேறிக்கொண்டிருக்கும்போது மேடவாக்கம் மட்டும் நெல்லைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

மறு வருஷம் பரிதா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்துமூன்று, மனையியலில் எம்.எஸ்ஸி. அவள் அத்தா முஸ்தபா மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். "அவ்ளோ படிச்சிட்டு நொறுக்குத் தீனிக் கம்பெனிக்கா அனுப்புறீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "தீனி இல்ல, ஃபுட் சயின்ஸ்" என்று திருத்தி அனுப்பினார். பரிதாவுக்கு ஒரு வெள்ளைக் கோட்டும், கிராம் சுத்தமாக எடை காட்டும் எலக்ட்ரானிக் தராசும், 'சென்சரி அசிஸ்டென்ட்' என்ற பதவியும் கிடைத்தன. மற்றவர்கள் தின்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்வதற்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர்.

மேனேஜர் வில்பிரட் பல்லாவரத்துக்காரர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் காபியோடு டிங்கிலோ, மத்தியானம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள டிங்கிலோ, தன் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக்கைச் சுற்றி டிங்கிலோ என்று, விற்கிற சரக்கில் முழு நம்பிக்கை வைத்திருந்த மனிதர். கம்பெனி டிங்கிலோவோடு நிற்கவில்லை. கப் நூடுல்ஸ், பாக்கெட் சூப், காலையில் பாலில் கொட்டிச் சாப்பிட சர்க்கரை பூசிய சோள வில்லைகள், தண்ணீரில் கலக்கினால் ஆரஞ்சுப் பழமாகிவிடுகிற பொடி என்று ஒரு மனிதன் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை தேவையான எல்லாவற்றையும் பாக்கெட்டில் அடைத்துத் தயாராக வைத்திருந்தது. ஒரே ஒரு குறை: தாய்மார்கள் இன்னும் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஃபுட்டும் வீட்டுச் சாப்பாடும் ஒண்ணுதான்னு சயின்டிஃபிக்கா ப்ரூவ் பண்ணணும் பரிதா. அதை பாக்கெட் பின்னாடி பிரிண்ட் பண்ணிட்டா போதும்" என்றார் வில்பிரட்.

விஞ்ஞானத்துக்கு முப்பத்திரண்டு இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம் பக்கம் சொல்லி அனுப்பியதில் எண்பது பேர் வந்து நின்றார்கள். இலவசச் சாப்பாடும் பேர் போட்ட தொப்பியும் என்றால் விஞ்ஞானத்துக்கு உயிரைக் கொடுக்கவும் ஆள் உண்டு. பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை முப்பத்திரண்டு பேரைப் பரிதா பொறுக்கினாள். ஏற்பாடு எளிமையானது. இரண்டு வாரம் மூன்று வேளையும் பாக்கெட் சாப்பாடு. இரண்டு வாரம் மூன்று வேளையும் சமைத்த சாப்பாடு. இரண்டிலும் கலோரி ஒன்றாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் உடம்பு எடை பார்க்க வேண்டும்.

சமைத்த சாப்பாட்டுக்குக் கம்பெனி கேன்டீன் இருந்தது. அதன் அதிகாரம் முழுவதும் கங்கையம்மாள் கையில். சுப்பராயலுவின் பெண்டாட்டி. நிலம் விற்ற கையோடு மாடி வீடு எழும்பிவிட்டது, வாசலில் கார் நின்றது, உட்கார்ந்து சாப்பிடலாம் என்று புருஷன் சொன்னார். ஆனால் இருபது வருஷமாக நடவுக்கும் அறுப்புக்கும் நாற்பது பேருக்குக் குழம்பு வைத்துப் பழகியவள், மூன்று பேருக்கு உலை வைக்கும்போது அழுகை வருகிறது என்று கம்பெனி கேன்டீனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் கழனியிலேயே, மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில், அவள் அடுப்பு எரிந்தது.

பரிதா கலோரி கணக்குப் போட்ட தாளை எடுத்துக்கொண்டு போய், ஒருத்தருக்கு இத்தனை கரண்டி சோறு, இத்தனை கரண்டி குழம்பு என்று விளக்கினாள். கங்கையம்மாள் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாம்மா இது, சோத்துக்கு அளவா? பசிச்சவன் துண்றான். உனுக்கு இன்னா போவுது?"

"இது ஆராய்ச்சிம்மா. அளவு மாறக் கூடாது."

"எம் புள்ளையும் அந்தக் கூட்டத்துல கீறான். அவனுக்குக் கொஞ்சம் சேத்துப் போட்டுக்கறேன், நீ கண்டுக்காத."

அந்தப் பிள்ளை லோகநாதன். பத்தொன்பது வயது, பி.காம் முதல் வருஷம். நெட்டையாக, சிரித்த முகமாக, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பையன். ஆராய்ச்சிக்கு இவனைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

நாலு வாரம் முடிந்தது. எடை பார்த்தாள். பாக்கெட் தின்றபோதும் சரி, காராமணிக் குழம்பும் முருங்கைக்கீரையும் தின்றபோதும் சரி, எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. கலோரியைச் சமமாக வைத்தால் வேறென்ன ஆகும்? வில்பிரட் குதித்தார். பாக்கெட் முதுகில் அச்சடிக்க வேண்டிய வாசகம் கிடைத்துவிட்டது. பரிதா அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் அவள் படித்தவள். அதுவும் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தவள். அந்தக் கோளாறினால், யாரும் கேட்காமலே ஒரு சோதனையைத் தானாகச் சேர்த்துவைத்திருந்தாள். ஒவ்வொரு இரண்டு வாரமும் முடிந்த மறுநாள் காலை ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, வேண்டிய மட்டும் காலைச் சாப்பாடு போட்டாள். போதும் என்று அவர்களே எழுந்த பிறகு, பக்கத்து அறையில் உட்கார வைத்து, ஒரு தட்டில் டிங்கிலோ, பிஸ்கட், முறுக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்து, "பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருங்க. வேணும்னா சாப்பிடலாம், வேணாம்னா விட்டுடலாம்" என்று சொன்னாள். பிறகு மிச்சத்தைத் தராசில் வைத்தாள். வயிறு நிறைந்த பிறகும் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பதற்கு.

சமைத்த சாப்பாட்டு வாரங்களுக்குப் பிறகு வந்த லோகநாதன் ஒரு முறுக்கைக் கடித்து, பாதியை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கெட் வாரங்களுக்குப் பிறகு வந்த லோகநாதன் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தான்.

"மேடம், நாஷ்டா செம டைட்டு. இனிமே தண்ணி கூட எறங்காது மேடம்."

மொறுக்.

"பசி எவ்வளவு இருக்கு? நூத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?"

"பசியா? ஜீரோ போட்டுக்கோங்க." மொறுக். "மைனஸ் கூடப் போடலாம்." மொறுக், மொறுக்.

"அப்ப ஏன் சாப்பிடறீங்க?"

"யாரு, நானா?" அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். அது வேறு யாருடைய கையோ தட்டில் விழுந்து கிடப்பதுபோல் பார்த்தான். விரல் நுனிகள் ஆரஞ்சாக இருந்தன. வெட்கப்பட்டுச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு உள்ளே போய்விட்டன.

பதினைந்து நிமிஷத்தில் தட்டு காலி. வாழைப்பழத் தோல் மட்டும் மிச்சம்.

பரிதா மற்றவர்களின் கணக்கையும் எடுத்து வயது வாரியாக எழுதிப் பார்த்தாள். இருபத்திரண்டும் அதற்கு மேலும் வயதானவர்கள் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கொறித்திருந்தார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை உள்ளவர்கள்தான், பாக்கெட் வாரங்களுக்குப் பிறகு, பசியே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, மூன்று மடங்கு நாலு மடங்கு தின்றிருந்தார்கள். ஒருத்தன் இல்லை, இரண்டு பேர் இல்லை. பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர்.

அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பக்கம் அறிக்கை எழுதினாள். இந்த வயதில் மூளை இன்னும் வெந்து முடியாத பருவம் போலிருக்கிறது, அரைவேக்காட்டில் இருப்பது மசாலாவைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பதினான்கே நாளில் இவர்களுக்குச் சாப்பாட்டையும் பசியையும் பிணைத்திருந்த கயிறு தளர்ந்துவிட்டது, இது இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை, ஆகவே கம்பெனி இருபத்திரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் விற்பதற்குமுன் யோசிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினாள். நடுவில் ஒரு வரி: 'வயிறு போதும் என்கிறது; கை கேட்பதில்லை.' எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது.

வில்பிரட் அறிக்கையை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்தில் எழுந்து நின்றார். மூன்றாவது பக்கத்தில் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பரிதா! இதை ஏன்மா இவ்வளவு சோகமா எழுதியிருக்க?"

"சார், இது எச்சரிக்கை சார்."

"எச்சரிக்கையா? பதினஞ்சு அவுட் ஆஃப் பதினெட்டு! பசியே இல்லாம! நாங்க இத்தனை நாளா பசிச்சவனுக்கு வித்துக்கிட்டு இருந்தோம். பசிச்சவன் ஒரு நாளைக்கு மூணு தடவைதான் வருவான். பசிக்காதவன் எப்ப வேணா வருவான். இது யாருக்கும் தோணல பாரு!" அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இருவர் கண்ணீருக்கும் காரணம் அதே மூன்று பக்கம்தான்.

"கடைசிப் பத்தியைப் படிச்சீங்களா சார்? இருபத்திரெண்டுக்குக் கீழ யோசிக்கணும்னு..."

"யோசிப்போம், யோசிப்போம். ஹெட் ஆபீஸே உக்காந்து யோசிக்கும்."

ஹெட் ஆபீஸ் உட்கார்ந்து யோசித்தது. ஒரே மாசத்தில் 'பதினெட்டு டு இருபத்தொன்று: பொன்னான நான்கு வருஷம்' என்ற தலைப்பில் ஒரு திட்டம் வந்தது. அந்த ஜூலையில், வட்டாரத்தில் இருந்த கல்லூரிகளின் வாசலிலெல்லாம், முதல் வருஷத்துப் பிள்ளைகள் உள்ளே நுழையும் நாளில், பூங்கொத்துக்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு பாக்கெட் டிங்கிலோ இலவசமாகக் கொடுத்து வரவேற்றார்கள். பதினான்கு நாள் விடாமல் கொடுத்தார்கள். ஏன் பதினான்கு என்று யாரும் கேட்கவில்லை. பரிதாவுக்கு மட்டும் தெரியும்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேளச்சேரி ரோடு முழுக்க போர்டுகள் முளைத்தன. ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான், அவன் கை மட்டும் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. கீழே ஆளுயர எழுத்தில்: 'வயிறு போதும்னு சொல்லும்... கை கேக்கவே கேக்காது!'

முஸ்தபா கடைக்கு எதிரேயே ஒன்று வைத்திருந்தார்கள். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு எழுதினது" என்று காட்டினார். பரிதா கோபித்துக்கொண்டபோது அவருக்குப் புரியவில்லை. "கருத்து நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார்.

அவளுக்குச் சம்பள உயர்வு வந்தது. 'சென்சரி அசிஸ்டென்ட்' போய் 'சென்சரி எக்ஸிக்யூட்டிவ்' ஆனாள். வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டுக்கு மேல் பெயரைத் தைத்துக் கொடுத்தார்கள். ராஜினாமா எழுதி இரண்டு தடவை கிழித்துப் போட்டாள். வீட்டில் அம்மாவின் வைத்தியச் செலவு இருந்தது. தவிர, மனதுக்கு உறுத்துகிற வேலையையெல்லாம் மனிதர்கள் விட்டுவிட ஆரம்பித்தால் தாம்பரத்திலிருந்து காலையில் ஒரு பஸ்ஸும் நிரம்பாது.

ஒரு நாள் மத்தியானம் கங்கையம்மாள் கரண்டியோடு லேபுக்கே வந்துவிட்டாள்.

"எம் புள்ளைக்கு இன்னாத்தக் குட்த்த நீ?"

"என்னம்மா ஆச்சு?"

"நேத்து கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். இந்த ஊர்ல எவளாச்சும் எம் மாதிரி வெப்பாளா? ஒரு வாய் வெச்சிட்டு சப்புனு கீதுன்றான். அந்த டிங்கிலோ பாக்கெட்டப் பிரிச்சி, நொறுக்கி, கொழம்பு மேல தூவிக்கினு துண்றாம்மா! அது முடிஞ்சி ஒரு பாக்கெட்டு. படிக்கறேன்னு ஒக்காந்தா ஒரு பாக்கெட்டு. பரீட்சைல மூணு பேப்பரு போச்சு. அவுங்க அப்பன் ஒதைச்சாரு. ஒதை வாங்கிக்கினே துண்றான்."

"டெஸ்ட் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சேம்மா. அப்புறமுமா சாப்பிடறான்?"

"டெஸ்ட்டு உனுக்கு முடிஞ்சிது. அவனுக்கு எங்க முடிஞ்சிது?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், அடுப்பில் ரசம் பொங்கிவிடும் என்று போய்விட்டாள்.

பரிதா வில்பிரட்டிடம் போனாள். தளர்ந்த கயிறு மறுபடி இறுகுமா, இறுகுமானால் எத்தனை நாளாகும் என்று இன்னொரு ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டாள். வில்பிரட் அவளை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் கனிவோடு பார்த்தார்.

"கோட்டை கட்டறவன்கிட்ட வந்து, இதை எப்படி சார் இடிக்கறதுன்னு கேக்கறியேம்மா. லீவு எடுத்துக்கோ. கொடைக்கானல் போய்ட்டு வா."

தை மாதத்தில் லோகநாதனின் பெரியப்பா பொன்னுசாமி இறந்துபோனார். மேடவாக்கத்தில் பெரிய மனிதர். லோகநாதனைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவர். அவன்மேல் அவருக்கும், அவர்மேல் அவனுக்கும் உயிர். தெருவெல்லாம் ஜனம். பறையை நிறுத்தச் சொல்லி, வாய்க்கரிசி போட உறவுமுறையை வரிசையாக வரச் சொன்னார்கள். பெண்களும் ஒரு கணம் ஒப்பாரியை நிறுத்தினார்கள். சுப்பராயலு போட்டார். அவருக்குப் பின்னால் கண் வீங்க அழுதபடி லோகநாதன் வந்தான். வலது கையில் அரிசியை எடுத்து, குனிந்து, பெரியப்பாவின் வாயருகே கொண்டுபோனான்.

மொறுக்.

அந்த அமைதியில் அது தெருக்கோடிவரை கேட்டது. சவத்தின் வாயிலிருந்து வந்ததோ என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் பின்வாங்கியதாகப் பிற்பாடு சொன்னார்கள். லோகநாதன் அப்படியே நின்றான். அவன் வலது கையில் அரிசி இருந்தது. இடது கை சட்டைப் பைக்குள் இருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. மெல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

சுப்பராயலு அடித்த அறை அதைவிடச் சத்தமாகக் கேட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பரிதா பஸ்ஸுக்காக மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்றிருந்தபோது லோகநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கன்னத்தில் இன்னும் தடம் இருந்தது. நடந்ததை அவனே சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் மேடம் மேடம் என்பவன் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"எனக்குப் பசிக்கவே இல்லக்கா. சத்தியமா. சாவு வூட்ல யாருக்காவது பசிக்குமா? எப்ப பாக்கெட்ல கை வுட்டேன்னே தெர்லக்கா. ஊரே காறித் துப்புது. துப்பட்டும். ஆனா பெரிப்பாவுக்குக் கடைசியாக் கேட்ட சத்தம் அதுதானேக்கா."

பரிதா அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எப்படிக் கேட்பது? 'தம்பி, உன்னைத் தராசில் வைத்து நான் வாங்கிய பதவி இது' என்றா? இரண்டு பஸ்ஸை விட்டாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன். உன்கிட்ட இருக்கற பாக்கெட் எல்லாத்தையும் மாட்டுக்குப் போட்டுடு" என்றாள்.

"மாடு துண்ணாதுக்கா. போட்டுப் பாத்துட்டேன்."

அவளிடம் மருந்து எதுவும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் வழி எழுதியிருக்கவில்லை. தோன்றியதைச் சொன்னாள்: பாக்கெட் கூடாது, உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், நடக்கும்போதும் படிக்கும்போதும் வாயில் எதுவும் போகக் கூடாது, சாப்பிடும்முன் பசிக்கிறதா என்று தன்னையே கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஞாயிறுதோறும் அவள் வந்து நோட்டைப் பார்ப்பாள்.

முதல் வாரம் தலைவலி என்று சுருண்டு கிடந்தான். சோறு மண் மாதிரி இருக்கிறது என்று முனகிக்கொண்டே விழுங்கினான். ஐந்தாம் நாள் சேலையூரில் காஜா கடைக்கு ஓடிப்போய் நாலு பாக்கெட் வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, நோட்டில் 'நாலு. பசி இல்லை' என்று நேர்மையாக எழுதி வைத்தான். கல்லூரி வாசலில் மறுபடியும் இலவசம் கொடுக்க ஆரம்பித்திருந்ததால், பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வகுப்புக்குப் போனான். எல்லாப் பையன்களும் வகுப்பிலிருந்து வெளியே போகக் குதிக்கிற சுவர் அது. உள்ளே வரக் குதித்த முதல் மாணவன் இவன்தான் என்று வாட்ச்மேன் பிடித்துக்கொண்டுபோய் ஆபீஸில் நிறுத்தினான். மூன்றாவது வாரம் கை தானாகவே பைக்குள் போகிறது என்றான். சட்டைப் பைகளைக் கங்கையம்மாளிடம் கொடுத்துத் தைத்து மூடச் சொன்னான். அவள் தைத்துக் கொடுத்தாள், தையலுக்குத் தையல் பரிதாவைத் திட்டிக்கொண்டே.

நாலாவது வாரம் நோட்டில் ஒரு வரி இருந்தது: 'இன்று காலை 11 மணிக்குப் பசித்தது. நிஜப் பசி.' அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

பரிதா அந்த நோட்டை வைத்து இன்னொரு அறிக்கை எழுதினாள். வில்பிரட் பொறுமையாகப் படித்தார். "ஒரே ஒரு ஆள். இது சயின்ஸ் இல்லம்மா" என்றார். அது உண்மை. பதினைந்து பேரைக் கெடுத்தது சயின்ஸ், ஒருவனை மீட்டது சொந்த விஷயம். அன்று எழுதிய ராஜினாமாவை அவள் கிழிக்கவில்லை. பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் பாதிச் சம்பளத்துக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. முஸ்தபா இரண்டு நாள் எதிர் போர்டை யாருக்கும் காட்டவில்லை. மூன்றாம் நாள், வாத்தியாரம்மா என்பதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்று சமாதானமானார்.

சொல்லிக்கொண்டு வருவதற்காக அடுத்த ஞாயிறு மேடவாக்கம் போனாள். மத்தியானச் சாப்பாட்டு வேளை. கங்கையம்மாள் விடவில்லை. இலை போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். வஞ்சிர மீன் குழம்பு, காராமணிப் பொரியல், ரசம். லோகநாதன் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டான். தூவிக்கொள்ள எதையும் தேடவில்லை. "கொழம்பு சூப்பரா கீதும்மா" என்றான். கங்கையம்மாளுக்கு முகம் பூரித்துப்போனது. பெரிய கரண்டி நிறையச் சோற்றை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"போதும்மா" என்றான் லோகநாதன்.

"இன்னாது?"

"போதும். வயிறு ரொம்பிடுச்சி."

இலையில் இரண்டு கவளம் சோறு மிச்சம் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், கையைப் பார்த்தான், எழுந்து கொல்லைப்பக்கம் கை கழுவப் போனான். பரிதாவுக்கு ஓடிப்போய் அந்த மிச்சத்தை எடை போட வேண்டும் போலிருந்தது.

கங்கையம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் பிள்ளை அவள் சோற்றை இலையில் விட்டு எழுந்தது இதுவே முதல் தடவை. காய்ச்சலில்கூட விட்டதில்லை. அவள் கண் நிறைந்தது. மெல்லத் திரும்பிப் பரிதாவைப் பார்த்தாள்.

"அப்பவாச்சும் கொழம்பு மேல எதையோ தூவிக்கினு முழுசாத் துன்னான். இப்ப இன்னாடான்னா பெத்தவ போட்ற சோத்தயே வோணாம்ன்றான். இன்னாம்மா வைத்தியம் பண்ண நீ?"

"அம்மா, அவனுக்குக் குணமாயிடுச்சு. வயிறு நிறைஞ்சதும் நிறுத்தத் தெரிஞ்சிடுச்சு. இதுக்குத்தான் இத்தனை வாரம்..."

"சோத்த நிறுத்தறதுக்கு ஒரு படிப்பா?"

தூக்கிய கரண்டியைச் சும்மா இறக்கி அவளுக்குப் பழக்கமில்லை. பரிதாவின் இலையில் கொட்டினாள். குழம்பை ஊற்றினாள். மீனில் பெரிய துண்டாகப் பார்த்து ஒன்று வைத்தாள். பரிதா ஏற்கெனவே இரண்டு தடவை சோறு வாங்கியிருந்தாள், மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கங்கையம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.